ஆடிக் காத்துல ஆரல்வாய்மொழி வழியா மின்கார்: ரேஞ்ச் எங்க போகுது?

தோவாளைக்காரர்:

காவல்கிணறுல இருந்து நாகர்கோவில் திரும்பும்போது, முப்பந்தல் காத்தாடிகளுக்கு நடுவுல மின்கார் 80 கிலோமீட்டர் வேகத்துலயேதான் ஓடும். யூனிட் கணக்கு மட்டும் 100 கிலோமீட்டருக்கு 13-ல இருந்து 19-க்கு ஏறிடும். ரேஞ்ச் (ஒரு சார்ஜுல ஓடுற தூரம்) குறைஞ்சதும் பேட்டரி போச்சுன்னு சர்வீஸ் சென்டருக்கு ஓடுறவங்களுக்காகவே இதை எழுதுறேன்.

நடுத்தர எஸ்யூவி ஒண்ணு காத்தே இல்லாத நேரம் 80-ல போனா, ஏறக்குறைய 7 யூனிட் காத்தைத் தள்ளவும், 5 டயர் உருளவும், 1 ஏசிக்கும் போகும். மேற்கேருந்து 30 கிலோமீட்டர் வேகத்துல எதிர்காத்து வந்தா, வண்டி மேல படுறது 110 கிலோமீட்டர் காத்து. எதிர்ப்பு வேகத்தோட வர்க்கமா ஏறும். 110-ஐ 80-ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.9. அந்த 7 இப்போ 13. மொத்தம் 19.

போகும்போது இதே காத்து பின்னால தள்ளும், செலவு 9-க்குள்ள நிக்கும். "அங்க மிச்சமானது இங்க சரியாயிடும்"னு பலரும் சொல்றாங்க, சரியாகாது. 9-ம் 19-ம் சேர்த்துப் பாதி 14, காத்தில்லாத நாள்ல 13. காத்து வேகம் கூடக் கூட இந்த நட்டம் கூடும்.

மோசம் எங்கன்னா, டிஸ்ப்ளே கடைசியா ஓடின ஓட்டத்தை வச்சுத்தான் கிலோமீட்டர் போடுது. பின்காத்துல போய் இறங்கினதும் அது காட்டுற எண் திரும்பி வர்றதுக்கு உதவாது. சதவீதத்தை யூனிட்டா மாத்துங்க. 30 யூனிட் பேட்டரியில 10 சதவீதம்னா 3 யூனிட். 19 கணக்குல அது 16 கிலோமீட்டருக்கே பத்தாது. காவல்கிணறு–நாகர்கோவில் 20-க்கு மேல.

குழித்துறை சதீஷ்:

அண்ணாச்சி, காத்தை நாம மாத்த முடியாது, வேகத்தை மாத்தலாம். அதே எதிர்காத்துல 60-க்கு இறங்குங்க. மேல படுறது 90, தள்ள 9 யூனிட்டுக்குள்ள, மொத்தம் 15. நாலு யூனிட் சும்மா மிஞ்சுது. காத்து மேல மட்டும் பழி போட்டா எப்படி?

இன்னொண்ணு, மார்த்தாண்டம் நெரிசல்ல ரேஞ்ச் குறையும்னு பெட்ரோல் வண்டிப் பழக்கத்துல நினைக்கிறாங்க. 20 வேகத்துல காத்து எதிர்ப்பு இல்லவே இல்லைன்னு சொல்லலாம். அங்க தின்னுறது ஏசி. ஏசி மணிக்கு 1 யூனிட் எடுத்தா, 80-ல போகும்போது 100 கிலோமீட்டருக்கு ஒண்ணேகால்தான், 20-ல ஊர்ந்தா 5. களியக்காவிளை வரை ஊர்ந்து போறவங்க ஏசியை 25-ல வச்சு உள்காத்துல ஓட விட்டா போதும்.

கம்பெனி சொல்ற எண்ணையும் இதே கணக்குல வச்சுப் பாருங்க. 2020-ல வந்த டாடா நெக்ஸான் மின்கார்ல 30.2 யூனிட் பேட்டரிக்கு 312 கிலோமீட்டர்னு சொன்னாங்க. 100-க்கு 9.7 வருது. அந்தச் சோதனை உருளை மேல நடக்குது, காத்தும் இல்ல, ஏத்தமும் இல்ல. நாலுவழிச்சாலையில அந்த எண்ணை எதிர்பார்க்கவே கூடாது.

பேச்சிப்பாறை:

மலைப்பாதை ஓட்டுறவங்களுக்கு ஒரு கணக்கு. ஆளோட 1600 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் ஏற 0.44 யூனிட், மோட்டார் இழப்பு சேர்த்து அரை யூனிட். இறங்கும்போது 0.3 போலத் திரும்பி வரும். ஆனா மேல எஸ்டேட்ல 100 சதவீதம் சார்ஜ் போட்டுட்டு இறங்கினா அதுவும் வராது. நிறைஞ்ச பேட்டரி மின்சாரத்தை வாங்காது, ரீஜென் (இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடிச்சு மின்சாரம் ஆக்குறது) வேலை செய்யாது, மொத்தப் பாரமும் பிரேக் பேடுக்கு. கொண்டை ஊசி வளைவுல தீய்ஞ்ச வாசனை வர்றது அதனாலதான். 85-ல நிறுத்திட்டு இறங்குங்க.

குளச்சல் மின்பணி:

ரேஞ்ச் எல்லாம் இருக்கட்டும், வீட்டுச் சார்ஜிங் பாயின்ட்டை யாராவது பாக்குறீங்களா? முட்டம், குளச்சல் பக்கம் கழட்டிப் பார்த்த 15 ஆம்பியர் சாக்கெட்கள்ல பித்தளைக் கவ்வி பச்சை பூத்திருக்கு, ஒரு துளையைச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கு. கடல் உப்புக் காத்தோட வேலை. கவ்வி தளர்ந்து 0.1 ஓம் தடை வந்தாலே 13 ஆம்பியர்ல 17 வாட் சூடு, அதுவும் ஒரே புள்ளியில, ராத்திரி முழுக்க. அயர்ன்பாக்ஸ் அணைஞ்சு அணைஞ்சு எரியும், இது ஓயாது.

மெயின் போர்டுல இருந்து தனி லைன் இழுங்க. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (லோடு கூடினா தானா அணையும் ஸ்விட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையும் ஸ்விட்ச்). எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எர்த் சரியில்லன்னா சார்ஜரே சிவப்பு லைட் போட்டு நின்னுடும். அதை ஏமாத்த நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்ல சேர்த்து முறுக்கி விடுறாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. நியூட்ரல் எங்கயாவது அறுந்தா கார் பாடியிலயே கரண்ட் நிக்கும். எர்த் குழியைத் தோண்டிச் சரி பண்ணுங்க. அரை மணி நேரம் சார்ஜ் ஆனதும் பிளக் தலையைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலன்னா அப்பவே ஆஃப் பண்ணி சாக்கெட்டை மாத்துங்க.

தோவாளைக்காரர்:

சதீஷ் தம்பி, 60 கணக்கு சரிதான், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ள அது முடியும். பணகுடி, வள்ளியூர் நாலுவழிச்சாலையில லாரி பின்னால வந்து ஹாரன் அடிச்சா 60-ல எவ்வளவு நேரம் நிப்பீங்க? அங்க காத்து பக்கவாட்டுல வருது, அதுவும் செலவைக் கூட்டும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை நெல்லையிலயே கூடுதலா 10 சதவீதம் ஏத்திட்டுக் கிளம்புங்க. முடிஞ்சா விடியக்காலம் கணவாயைத் தாண்டுங்க, அப்போ காத்து பெரும்பாலும் அடங்கியிருக்கும். கூரைமேல கேரியர் இருந்தா கழட்டி வச்சிடுங்க.