புதுப்பிப்பு: மணாலி பனிக்கு டயர் வாங்கியாச்சு
ஜனவரியில் சென்னையிலிருந்து மணாலிக்கு மஹிந்திரா தார் ஜீப்பில் போகிறோம், ஃபோர் வீல் டிரைவ் இருக்கும்போது தனி டயர் எதற்கு என்று போன மாதம் கேட்டிருந்தேன். "ஃபோர் வீல் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது" என்று ஒரு அண்ணன் எழுதியதில்தான் புத்தி வந்தது.

ஆசைப்பட்ட மட் டெரெய்ன் (சேற்றுக்கான டயர்) வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதன் பெரிய கட்டைகள் சேற்றைக் கக்கும். இறுகிய பனியைக் கவ்வும் மெல்லிய கீறல்கள் குறைவு.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்காரர், "எம் ப்ளஸ் எஸ் போட்டிருக்கு சார், பனி டயர்தான்" என்று அடித்துச் சொன்னார். அந்த எம் ப்ளஸ் எஸ் (சேறும் பனியும்) முத்திரை, டயரின் மேல்கட்டைகளின் வடிவத்தை வைத்து கம்பெனியே போட்டுக்கொள்வது. மூன்று சிகரத்துக்குள் பனித்துகள் இருக்கும் சின்னம்தான் பனியில் சோதித்ததற்கு அடையாளம். செல்போன் டார்ச் அடித்துத் தேடினேன், இல்லை.

முழு வின்டர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழும் இறுகாது. ஆனால் அதே மென்மையால் நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பத்து நாள் பனிக்கு அது கட்டுப்படியாகாது. கடைசியில் அந்தச் சிகரச் சின்னம் உள்ள ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான டயர்) வாங்கினேன், ஸ்டெப்னியோடு ஐந்தும் ஒரே ரகம். கூடவே பனியில் வழுக்காமல் இருக்க டயர் மேல் மாட்டும் சங்கிலி.

நேற்று பார்க்கிங்கில் சங்கிலி மாட்டிப் பழகினேன். முதல் சக்கரத்துக்கே நாற்பது நிமிடம். வாட்ச்மேன் அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வண்டி திருடு போவுதா சார்?"