புதுப்பிப்பு: ருமேனியாவில் காப்பகச் சிறுவர்களுக்கான கோடை முகாம் – சான்றிதழும் மொழியும்

ருமேனியாவில் காப்பகச் சிறுவர்களுக்கான கோடை முகாமில் தொண்டராகச் சேர என்னென்ன சான்றிதழ்கள் தேவை, மொழி தெரியாமல் அவர்களோடு எப்படிப் பழகுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முகாம் நல்லபடியாக முடிந்தது.

பாஸ்போர்ட் சேவை வழியாகக் காவல்துறைச் சான்றிதழ் பெற்று, அதற்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று உடன்படிக்கையில் உள்ள பிற நாடுகளும் ஏற்கும் சான்று) வாங்கி, அதன் பிறகே ருமேனிய மொழியில் பெயர்க்க வேண்டும் என்று ஒருவர் சொன்ன வரிசைதான் கைகொடுத்தது. மொழிபெயர்ப்பை முதலில் முடித்திருந்தால் முத்திரை அதில் இடம்பெற்றிருக்காது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகச் சான்றொப்பத்தை யாரும் கேட்கவில்லை.

ஊனோ சீட்டுக்கட்டு கொண்டுபோகச் சொன்னவருக்குத் தனி நன்றி. அதற்கு நிறமும் எண்ணும் போதும் என்பதால், சிவப்புக்கு ‘ரோஷு’, பச்சைக்கு ‘வெர்தே’ என்று சிறுவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்து, தவறாகச் சொன்னால் கூடுதலாகச் சீட்டெடுக்கவும் வைத்தார்கள். கைவினைப் பொருள்கள் நிறைந்த பையை (சுமந்துபோனது வீண்) அவிழ்க்கவே நேரவில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று: சிறுவர்களில் பலருக்குப் பெற்றோர் உயிரோடிருக்கிறார்கள், வறுமையோ குடும்பச் சிக்கலோதான் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே, செல்பவர்கள் வீட்டைப் பற்றித் தாமாகக் கேட்க வேண்டாம். சிறுவர்களைப் படமெடுப்பதில்லை, அடுத்த ஆண்டும் வருவதாக வாக்களிப்பதில்லை என்று முகாம் நடத்துபவர்கள் தொண்டர்களிடம் தொடக்கத்திலேயே கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது நிபந்தனை கடுமையாகத் தெரிந்தாலும் நியாயமானதே.