ஆயா குடும்பம் 🌿 சுங்கை சிப்புட்

அண்ணன்: தலைத்திவசத்துக்கு ஒரு பக்கத் தாள் அடிக்கிறேன். மேலே ஆயா படம், கீழே "அன்பின் சிகரம், தியாகத்தின் திருவுருவம், 1933இல் உதித்து..." எல்லாரும் பார்த்துட்டுச் சொல்லுங்க.

பெரியம்மா: திருவுருவம் எல்லாம் வேணாம்யா. எல்லா வீட்டுச் சாவுக்கும் அதையேதான் போடுறாங்க. அம்மா என்ன செஞ்சாங்கன்னு எழுது. 1933ம் தப்பு.

அண்ணன்: ஐசியில, அடையாள அட்டையில, 33ன்னுதானே இருக்கு?

பெரிய மாமா: அது கிராணி (எழுத்தர்) கண்ணளவுல போட்டது. 1948ல மலாயாவுல அவசரகாலம் வந்ததும் 12 வயசுக்கு மேல உள்ள எல்லாருக்கும் ஐசி எடுத்தாங்க. சூரா, அதான் பிறப்புப் பத்திரம், இல்லாத ஆளை நிக்கவச்சுப் பார்த்துத்தான் வயசு எழுதுனது. அம்மா குள்ளம், நாலு வயசு குறைஞ்சு போச்சு.

பெரியம்மா: ஜப்பான்காரன் நாட்டுக்குள்ள வந்தது 1941 டிசம்பர். அம்மா வயசுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்துனது அதுக்கு அடுத்த வருஷம். புதுத்துணி கிடைக்காம பழைய வேட்டியை மஞ்சள்ல நனைச்சுக் கட்டிவிட்டாங்க. 33ன்னா அப்ப வயசு ஒம்பது. நடக்குமா? 13ன்னு வச்சுக்கோ, 1929 வரும்.

நான்: தாள்ல "1929 வாக்கில்"னு போடுவோம். ஆனா பேங்கு, நிலப் பத்திரம் எதுலயும் ஐசி வருஷத்தை மாத்திச் சொல்லிடாதீங்க. தாளுக்குத் தாள் வேற வேற பிறந்த வருஷம் இருந்தா மனுவைத் திருப்பி அனுப்பிருவாங்க.

சின்னம்மா: திவசத் தேதியையும் பாருங்க. இங்கிலீஷ் தேதி கணக்குல வராது. ஐப்பசி, தேய்பிறை, ஏகாதசி. அம்மா போனது ராத்திரி 12:15. இந்தியப் பஞ்சாங்கத்துல அன்னைக்கு ஏகாதசி 10:30க்கு முடியுதுன்னு இருக்கு, அதைப் பார்த்துட்டு யாரோ துவாதசின்னு எழுதிட்டாங்க. அவங்க நேரத்தோட ரெண்டரை மணி கூட்டணும். நமக்கு முடியுறது 1 மணிக்கு. ஏகாதசிதான்.

அண்ணன்: ஓகே சின்னம்மா. வேலைக்கு "ரப்பர் மரம் சீவினார்"னு போட்டிருக்கேன்.

பெரிய மாமா: அவ்ளோதானா? நாப்பது வருஷத்துக்கு ஒரு வரியா? நல்லா எழுது, சொல்றேன்.

பெரிய மாமா: இருட்டுலயே பெரட்டு, அதான் ஆள் கணக்கு எடுக்கிறது. பேர் கொடுத்துட்டு நேரா காடு. வெயில் ஏறுனா பட்டைக்குள்ள அழுத்தம் இறங்கிரும், பால் சீக்கிரம் நின்னுரும், அதான் அவ்ளோ அவசரம். மரத்துக்கிட்ட போனதும் முதல்ல கோட்டுப்பாலை, பழைய வெட்டுல காஞ்சு ஒட்டுன பாலை, உரிச்சுப் பையில போடணும், பால் பிடிக்கிற மங்கைத் துடைக்கணும், அப்புறம்தான் உளி. கோடு இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, 30 டிகிரி. பட்டைக்குள்ள பால்குழாய் கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சு ஏறுது, அதைக் குறுக்க வெட்டுனாத்தான் நிறைய குழாய் அறுபடும்.

பெரிய மாமா: ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் போகலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள், வருஷத்துக்கு 150 வெட்டு, கணக்குப் பாரு, ஒம்பது அங்குலம். கை கனத்தா மரம் சீக்கிரம் தீந்துரும். ஆழமும் அப்படித்தான். கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி நிக்கணும். பால் அதிகம் இருக்கிறதே அங்கதான், அதனால மேலாக வெட்டுனா மங்கு நிறையாது. கட்டையில பட்டா காயம், புதுப்பட்டை முண்டு முண்டா வரும், திரும்ப அதுல உளி ஓடாது. அம்மா வெட்டுன மரத்துல கையை வச்சுத் தடவலாம், வழவழன்னு இருக்கும். ஒரு நாளைக்கு 400, 500 மரம்.

சின்ன மாமா: சீவல் ஒரே சுருளா விழணும். தூளா உதிர்ந்தா உளி மழுங்கிருச்சு, மத்தியானம் சாணைக்கல்லுல உக்காரணும்.

நான்: மழை பேஞ்சா?

சின்ன மாமா: வெட்டு இல்ல. பட்டை ஈரமா இருந்தா பால் கோட்டோட ஓடாம மரம் பூரா வழிஞ்சிரும். காண்டாவுல, தோள்ல வைக்கிற கம்புல, ரெண்டு வாளி சுமந்து ஸ்டோருக்குப் போனா, தண்ணி கலந்திருக்கான்னு பால்ல மிதக்கிற மீட்டர் போட்டுப் பார்ப்பாங்க. தண்ணி கலந்த பால்ல மீட்டர் மேல எழும்பும். மாட்டுப்பாலுக்கு நேர் எதிர், ரப்பர் தண்ணியைவிட லேசு இல்லையா.

பெரியம்மா: 1960ஐ விட்டுறாதே. துரைமாருங்க தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன், தொழிலாளிங்க சேர்ந்து தோட்டம் வாங்க நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரே, அதுல அம்மா மாசம் 10 வெள்ளி (டாலர்) கட்டிப் பங்கு எடுத்தாங்க. அப்பாகிட்ட அப்புறம்தான் சொன்னாங்க 😄

அண்ணன்: சேர்த்துட்டேன். ஆயா உளியைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு இருக்கேன். துருவைத் தேய்ச்சு, பிடிக்கு வார்னிஷ் அடிச்சா பளபளன்னு இருக்கும்ல?

சின்ன மாமா: மணல்தாள் போடாதே, வாய் போயிரும். மண்ணெண்ணெய்த் துணியால துடை, பிறகு தையல் மெஷின் எண்ணெய். தேங்காயெண்ணெய் வேணாம், பிசுபிசுன்னு தூசி ஒட்டும்.

பெரியம்மா: வார்னிஷும் வேணாம். பிடியில அம்மா கட்டைவிரல் தேஞ்ச குழி இருக்கு. அது ரொம்பிரும்.

அண்ணன்: சரி பெரியம்மா. வார்னிஷ் இல்ல. திருவுருவத்தையும் எடுத்துட்டேன்.