திரும்பி வந்த இரைப்பைப் புற்றுநோய்: குறிவைத்த கதிர்வீச்சு பற்றி உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இரைப்பைப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடித்த என் பெரியப்பாவுக்கு, அண்மையில் எடுத்த பெட் ஸ்கேனில் பெருந்தமனியை ஒட்டிய ஒரு நிணநீர்க் கணுவில் மட்டும் நோய் திரும்பியிருப்பது தெரிந்துள்ளது. வேறு எங்கும் பரவல் இல்லாததால், வழக்கமாக 25 அமர்வுகளில் 45 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) எனப் பிரித்துக் கொடுப்பதற்குப் பதிலாக, 5 அமர்வுகளுக்குள் அதிக அளவைக் கட்டியின்மீது மட்டும் குவிக்கும் எஸ்பிஆர்டி (SBRT) என்ற குறிவைத்த கதிர்வீச்சு முறையை மருத்துவர் பரிந்துரைக்கிறார். மூச்சுவிடும்போது கட்டி நகரும் என்பதும், அருகிலுள்ள சிறுகுடல் அந்த அளவைத் தாங்காமல் புண்ணாகவோ துளைபடவோ கூடும் என்பதுமே எங்கள் கவலை (இரண்டாவது கருத்தும் கேட்கவிருக்கிறோம்). வயிற்றுப் பகுதியில் இச்சிகிச்சை பெற்றவர்களோ அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களோ, மூச்சசைவை எவ்வாறு கட்டுப்படுத்தினார்கள், சாப்பாடு எப்போது சீரானது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு ஏற்கப்பட்டதா என்பவற்றைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.