புதுப்பிப்பு: வராக மண்டபப் பனோரமாவில் தூண் ஒட்டிவிட்டது

மாமல்லபுரம் வராக மண்டபத்துக்குள் கேமராவைக் கையில் பிடித்து எடுத்த பனோரமாவில் (பல படங்களை ஒட்டிச் செய்யும் அகலப் படம்) முன்தூண்கள் இரண்டாகப் பிளந்து தெரிகின்றன, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது.

நூல் யோசனை சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. லென்ஸில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, தரையில் வைத்த நாணயத்துக்கு நேர் மேலே அது நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். உடம்புதான் லென்ஸைச் சுற்றி நகர வேண்டும். நின்ற இடத்திலேயே நாம் திரும்பினால் லென்ஸ் வட்டமடிக்கும். பக்கத்துத் தூண் பின்சுவரை விட்டு விலகிவிடும். திறந்தவெளியில் இது அவ்வளவாகத் தெரியாது. முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும் என்பதால் எனக்கு இந்த நூல் பெரிய வரம்.

எக்ஸ்போஷர் (ஒளி அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் எல்லாம் மேனுவல். வெளியே வெயில், உள்ளே இருட்டு, ஆட்டோ ஆகாது.

அப்புறம் படங்களை ஒட்ட ஹகின் மென்பொருள். தூண்மேல் விழுந்த பொருத்துப் புள்ளிகளை (இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் காட்டும் புள்ளிகள்) நீக்கிவிட்டு, வராகர், திரிவிக்கிரமர் சிற்பச் சுவர்களில் இருந்தவற்றை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தூணும் ஒரே படத்திலிருந்து முழுசாக வரும்படி, மற்ற படங்களில் அந்தப் பகுதியை மாஸ்க் போட்டு மறைத்தேன். படத்தைத் தட்டையாக விரிக்கும் முறைகளில், நேர்கோடுகளை நேராகவே வைக்கும் ரெக்டிலீனியரில் ஓரங்கள் இழுபட்டன. பனினி என்ற இன்னொரு முறையில் அழகாக வந்தது.

தரைப்பகுதி மட்டும் இன்னும் சரியாக ஒட்டவில்லை. கேமராவைக் கீழே சாய்த்து எடுத்துப் பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.