14 வருட இன்னோவாவுக்குப் பதில் எதை எடுப்பது? சொந்தமாக வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா?

களத்துக்காரர், காங்கேயம்
அக்டோபர் 5, 2025

எல்லோருக்கும் வணக்கம்ங்க. காங்கேயம் பக்கத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். வயது 47. 2011-ல் எடுத்த இன்னோவா டீசல் வண்டி, 3,38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வருகிற மே மாதத்தோடு 15 வருடம் முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வண்டியை மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 25 லட்சம் வரை போகலாம், அதற்கு மேல் முடியாது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து களம் மூன்று கிலோமீட்டர், தினமும் இரண்டு தடவை போய் வருவேன். அதில் கடைசி முக்கால் கிலோமீட்டர் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, மழை பெய்துவிட்டால் துளிர்த்துத் தடத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். என் இன்னோவாவின் இடது பக்கக் கதவுகளில் கோடு இல்லாத இடமே கிடையாது. வாரம் இரண்டு நாள் தேங்காய்ப் பருப்பு ஏலத்துக்கு அவல்பூந்துறை அல்லது பெருந்துறை. மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர். எல்லாம் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் வரும். டீசலுக்கு மட்டும் 11,500 ரூபாய் ஆகிறது.

ஏழு பேர் வண்டி உண்மையிலேயே வேண்டுமா என்று தெரிந்துகொள்ள, போன வருடச் சித்திரையிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஐந்து பேருக்கு மேல் ஏறியது ஒரு வருடத்தில் பதினொரு நாள். குலதெய்வம் கோயிலுக்கு மூன்று, சீருக்கு நான்கு, இழவுக்கு நான்கு. மற்ற நாளெல்லாம் நானும் ஒரு சாக்கில் சாம்பிள் பருப்பும்தான்.

இப்போது முக்கியமான விஷயம். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னோவாவில் ஏற ஒரு முக்காலி வைத்திருக்கிறோம். அதில் கால் வைத்து ஏறும்போது ஒருவர் பின்னால் தாங்க வேண்டும். அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வருடமாக எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க" என்கிறார்கள். சிவன்மலைத் தைப்பூசத் தேருக்கு அவர்கள் வராத வருடம் எனக்கு நினைவு தெரிந்து கிடையாது. இந்த வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் சிரமமில்லாமல் ஏறி இறங்குகிற வண்டி வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மனதில் இருப்பவை: இன்னோவா கிரிஸ்டா டீசல், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியும் மோட்டாரும் உள்ளது), இல்லாவிட்டால் ஒரு மின்சார வண்டி. இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் ஓட்டிப் பார்த்தேன், மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 20 லட்சத்துக்கு மேல் போனால் தமிழ்நாட்டில் சாலை வரியே 20 சதவீதம், பட்ஜெட் தாண்டிவிடுகிறது. லீஸுக்கு எடுத்தால் முன்பணம் இல்லை, வாடகையைச் செலவில் காட்டலாம் என்று மச்சான் சொல்கிறான். இங்கே யாராவது லீஸில் ஓட்டுகிறீர்களா?


சிங்காநல்லூர் ஸ்பேனர்
அக்டோபர் 5

அண்ணா, நீங்க நோட்டில் எழுதி வைத்தது ரொம்ப நல்ல காரியம். வண்டி வாங்க வருகிற பத்துப் பேரில் ஒருவர் கூட இந்தக் கணக்கோடு வருவதில்லை.

இருபத்திரண்டு வருடமாக டீசல் வண்டிகளில்தான் என் கை ஓடுகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன், இந்த ஓட்டத்துக்குப் புது டீசல் வேண்டாம். உங்க 2011 வண்டி பழைய தலைமுறை எஞ்சின், சைலன்சரில் புகைக்கரி பிடிக்கிற ஃபில்டர் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்கிற புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் அந்த ஃபில்டர் இருக்கிறது. கரி சேர்ந்ததும் எஞ்சின் தானே சூட்டை ஏற்றி அதை எரித்துவிடும். ஆனால் அதற்கு வண்டி நன்றாகச் சூடாகி, ஒரே வேகத்தில் பதினைந்து இருபது நிமிடமாவது ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தி, மறுபடி மூன்று கிலோமீட்டர் வந்தால் எஞ்சின் சூடே ஏறாது. பாதி எரிவதற்குள் சாவியைத் திருப்பிவிடுவீர்கள். எரியாத டீசல் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் ஏறி வருகிற வண்டிகளை மாதம் இரண்டு மூன்று பார்க்கிறேன். வண்டியைக் குறை சொல்ல முடியாது, அது நெடுந்தூரம் ஓடுவதற்கென்று செய்தது.

ஹைபிரிட் இந்தக் குட்டி ஓட்டத்துக்குப் பொருந்தும். கிராண்ட் விட்டாராவுக்குத் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர், உங்க இட்டேரிக்குத் தாராளம். ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. ஒன்று மட்டும் பார்த்துக்கோங்க. பேட்டரி டிக்கிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதால் சாதாரண மாடலில் 373 லிட்டர் இருக்கிற டிக்கி ஹைபிரிட்டில் 265 லிட்டர்தான். சாக்கைப் பின் சீட்டைச் சாய்த்துத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பதினொரு நாளுக்கு ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்குப் பிடித்துவிடலாமே அண்ணா?


களத்துக்காரர், காங்கேயம்
அக்டோபர் 6

தம்பி, ஃபில்டர் விஷயம் எந்த ஷோரூமிலும் யாரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி. கிரிஸ்டாவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

கோயிலுக்கும் சீருக்கும் வாடகை வண்டி சரி, தேதி முன்னாலேயே தெரியும். இழவுக்கு அப்படி முடியாது. போன ஐப்பசியில் பெரியம்மா தவறியபோது ராத்திரி ஒன்றரைக்குப் போன் வந்தது. இரண்டு மணிக்கு எங்கள் சித்தப்பா வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அந்த நேரத்தில் டிரைவரை எழுப்பி, வண்டி வரக் காத்திருந்து போவதென்றால் என் மனம் ஒப்பாது.


வரவுசெலவு, ஈரோடு
அக்டோபர் 6

லீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆடிட்டர் வேலையில் இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மச்சான் சொல்வது பாதி சரி. தொழிலுக்கு ஓடுகிற அளவுக்கு லீஸ் வாடகையைச் செலவில் காட்டலாம். சொந்தமாகக் கடனில் வாங்கினாலும் வட்டியைக் காட்டலாம், வருடம் 15 சதவீதம் தேய்மானமும் (வண்டியின் மதிப்புக் குறைவு) செலவாகக் காட்டலாம். மின்சார வண்டிக்கு அதே தேய்மானம் 40 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டினால் அந்த ஒரு வருடம் மட்டும் பாதி. வீட்டு உபயோகத்துக்கான பங்கை இரண்டிலும் கழித்துத்தான் காட்ட வேண்டும்.

பலர் ஏமாறுகிற இடம் ஜி.எஸ்.டி. லீஸ் வாடகையின் மேல் ஜி.எஸ்.டி. போடுவார்கள். களத்துக் கணக்கில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். டிரைவரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வண்டி விற்பவர், டாக்சி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் போன்றவர்களுக்கே அது. செப்டம்பர் 22-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கார்களுக்கு 40 சதவீதம், மின்சார வண்டிக்கு 5 சதவீதம். லீஸிலும் இந்த வித்தியாசம் வாடகையில் வந்து உட்காரும்.

எல்லாவற்றையும் விட உங்கள் கிளுவை வேலிதான் எனக்குக் கண்ணில் பட்டது. லீஸ் வண்டி கம்பெனி பெயரில் இருக்கும். மூன்று நான்கு வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது சுற்றி வந்து பார்ப்பார்கள். சாதாரணத் தேய்மானத்தை மீறிய ஒவ்வொரு கீறலுக்கும் பணம், ஒப்புக்கொண்ட கிலோமீட்டரைத் தாண்டினாலும் பணம். என்னிடம் வருகிற ஒரு பனியன் கம்பெனிக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒரு வண்டி மாற்றுவார், ஓடுவதெல்லாம் அவிநாசி ரோடு, அவருக்கு லீஸ் பொருந்துகிறது. நீங்கள் ஒரே வண்டியை 14 வருடம் வைத்திருந்தவர். உங்கள் தடத்துக்கும் உங்கள் பழக்கத்துக்கும் சொந்த வண்டிதான் சரி.


ஆழியாறு அக்கா, பொள்ளாச்சி
அக்டோபர் 7

தம்பி, அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். என் மாமியாருக்கும் இதே கால் வலி.

நான் ஒரு வருடமாக மின்சார வண்டி ஓட்டுகிறேன், 38 யூனிட் பேட்டரி. ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கிடைக்கிறது. வாரம் ஒரு முறை வால்பாறை போகிறேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது முப்பத்தைந்து சதவீதம் சார்ஜ் போகும். இறங்கும்போது பிரேக்கின் சக்தி பேட்டரிக்கே திரும்புவதால் பதினேழு, பதினெட்டுதான் போகும். உங்களுக்கு மலையே இல்லை. ஏலத்துக்குப் போய் வந்து, மறுநாள் களத்துக்கும் போய் வந்து, அப்புறம் சார்ஜ் போட்டால் போதும்.

பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுக்கிற திட்டமும் இருக்கிறது. எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது முழு விலை 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், ஓடுகிற கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை என்று அறிவித்தார்கள். வித்தியாசம் மூன்றரை லட்சம். அதை மூன்றரை ரூபாயால் வகுத்தால் ஒரு லட்சம் கிலோமீட்டர். நீங்க மாதம் 1,500 ஓட்டினால் ஐந்தரை வருடத்தில் அந்த ஒரு லட்சம் வந்துவிடும். அதற்கு அப்புறமும் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து வருடம் வைத்திருப்பவர் பேட்டரியோடு வாங்குவதுதான் நல்லது.

இரண்டு விஷயம் கட்டாயம் கவனிங்க. முதலாவது, தோட்டத்து இலவச மின் இணைப்பில் சார்ஜ் போடவே கூடாது. அது பாசனத்துக்குக் கொடுத்தது, பிடித்தால் இணைப்பே போய்விடும். வீட்டு இணைப்பில் போட்டால் இரண்டு மாதக் கணக்கில் நானூறு யூனிட்டுக்கு மேல் கூடி, மேல் ஸ்லாபுக்குப் போய்விடும். நாங்கள் கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டோம், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைத்தது. இரண்டாவது, எர்த். உங்க பக்கம் காய்ந்த மண். எர்த் குழி சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். தனிக் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்க.

இப்போது என் யோசனை. இன்னோவாவை ஏன் விற்கிறீங்க? எஃப்.சி. எடுத்தால் இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. கிடைக்கும். அந்தப் பதினொரு நாளுக்கு அது நிற்கட்டும். தினசரிக்கும் அம்மாவுக்கும் 15 லட்சத்துக்குள் ஒரு மின்சார வண்டி எடுங்க. தமிழ்நாட்டில் மின்சார வண்டிக்குச் சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்று அறிவித்திருந்தார்கள், அதற்குள் பதிவு செய்துவிடுங்க.

ஷோரூமுக்கு அம்மாவைக் கூட்டிப் போங்க. கூடவே அளவு டேப். வீட்டில் எந்தக் கட்டிலில் இருந்து கை ஊன்றாமல் எழுகிறார்களோ அதன் உயரத்தை முதலில் அளந்துக்கோங்க. தரையிலிருந்து சீட் அந்த உயரத்துக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும். கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே படி அகலமாக இருந்தால் காலைத் தூக்கித் தாண்ட முடியாமல் தவிப்பார்கள், அதையும் பாருங்க.


களத்துக்காரர், காங்கேயம்
அக்டோபர் 13

அக்கா, நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் கோயம்புத்தூர் கூட்டிப் போனேன். முதலில் வரமாட்டேன் என்றார்கள். "கட்டில் அளவு எடுத்துட்டேன்மா, அதே உயரத்தில் வண்டி தேடப் போறோம்" என்றதும் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

கட்டில் 22 அங்குலம். நான்கு வண்டி பார்த்தோம். இரண்டில் சீட் உயரம் சரி, ஆனால் படி அகலம். அம்மா முதலில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் காலை உள்ளே எடுக்கப் பார்த்தார்கள், முட்டி இடித்தது. மூன்றாவது வண்டியில் யாரும் பிடிக்காமல் தானாக ஏறி உட்கார்ந்தார்கள். சேல்ஸ் தம்பி உதவிக்கு வந்ததற்கு "இரு கண்ணு, நானே இறங்கிக்கறேன்" என்று சொல்லி இறங்கியும் காட்டினார்கள். நான் வேறு எதையும் கேட்கவில்லை. 38 யூனிட் பேட்டரி, பேட்டரியோடு சேர்த்தே முழுத் தொகைக்கு புக் செய்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் தருவதாகச் சொல்கிறார்கள். லீஸ் பேச்சை விட்டாச்சு. மச்சானிடம் ஈரோட்டு சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன், அவனும் சரி என்றுவிட்டான்.

இன்னோவாவை விற்கவில்லை. அப்பாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். இந்த வாரம் இட்டேரி வேலியை ஆள் விட்டு ஒரு முழம் உள்ளே கழித்துவிடச் சொல்லியிருக்கிறேன். எர்த் குழிக்கும் எலக்ட்ரீஷியன் வருகிறார்.

சிங்காநல்லூர் தம்பிக்கு ஒரு கேள்வி. இனி இன்னோவா மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஓடும். அப்படி நிறுத்தி வைத்தால் கெட்டுவிடாதா? எஃப்.சி.க்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?


சிங்காநல்லூர் ஸ்பேனர்
அக்டோபர் 13

கெடாது அண்ணா, ஆனால் அப்படியே விட்டுவிடாதீங்க. வாரம் ஒரு நாள் ஏலத்துக்கு அதிலேயே போய் வாங்க, எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். வீட்டு வாசலில் சும்மா ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விடுவதில் பலன் இல்லை. டேங்கை எப்போதும் முக்கால் அளவுக்கு வைத்துக்கோங்க, காலி இடத்தில் ஈரம் கோத்துத் தண்ணீராக டீசலில் இறங்கும்.

எஃப்.சி.க்கு புகை, பிரேக், லைட், ஸ்டீயரிங் ஆட்டம், டயர். அந்த இடது பக்கக் கதவையும் கொஞ்சம் டிங்கர் வேலை பார்த்துவிடலாம். தை மாதம் கூட்டம் இருக்காது, ஒரு வியாழக்கிழமை காலையில் கொண்டு வாங்க. முதலில் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு மற்றதைப் பேசிக்கலாம்.