ஊசி தரும் இடத்திலேயே ஓஎஸ்டி மாத்திரையும் தரக் கூடாதா?

தம்பிக்காக_அக்கா:
என் தம்பி சில வருஷமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். எங்கள் ஏரியாவில் ஒரு தொண்டு நிறுவனம் டிராப்-இன் சென்டர் நடத்துகிறது. புது ஊசி தருகிறார்கள், எச்ஐவி டெஸ்ட் எடுக்கிறார்கள், திட்டாமல் பேசுகிறார்கள், அவன் தானாகப் போகிற ஒரே இடம் அதுதான். ஓஎஸ்டி, அதாவது ஊசிப் போதைக்குப் பதிலாக மருத்துவ மேற்பார்வையில் மாத்திரை தரும் சிகிச்சை, அதைப் பற்றிச் சொன்னதும் அவர்கள்தான். ஆனால் மாத்திரைக்கு அரசு மருத்துவமனைக்குத் தினமும் காலையில் நேரில் போக வேண்டுமாம். அவனுக்கு மார்க்கெட்டில் லோடு இறக்கும் வேலை, கூலி கிடைப்பதே அந்த நேரத்தில்தான். போவான், பாதியில் விட்டுவிடுவான். சென்டரிலேயே கொடுக்கச் சட்டம் தடுக்கிறதா? மாமா வேறு, "அதுவும் போதை மாத்திரைதானே, ஆறு மாசம் மறுவாழ்வு மையத்தில் போடு" என்கிறார்.

களப்பணி_கண்ணன்:
அக்கா, சட்டம் தடுக்கவில்லை. இந்தியாவில் 90களில் டெல்லியில் புப்ரெனார்பின், அதாவது இந்த ஓஎஸ்டி மாத்திரை, கொடுக்க ஆரம்பித்ததே தொண்டு நிறுவனங்கள்தான், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ அதைத் தன் திட்டத்தில் சேர்த்தது 2007க்குப் பிறகு. இப்போதும் பெரிய ஓஎஸ்டி மையத்தோடு இணைத்து சேட்டிலைட் மையமாக, அதாவது அதன் கிளையாக, டிராப்-இன் சென்டரிலேயே கொடுக்க வழி இருக்கிறது.

கொடுக்கும் வேலையும் பெரிதில்லை. நர்ஸ் மாத்திரையை நொறுக்கி நாக்குக்கு அடியில் போடுவார், கரையும்வரை பத்து நிமிஷம் போல எச்சில் விழுங்காமல் உட்கார வேண்டும், அப்புறம் வாயைத் திறந்து காட்டிவிட்டுக் கிளம்பலாம். பூட்டுள்ள அலமாரி, பதிவேடு, நர்ஸ், ஆரம்பத்திலும் அளவு மாற்றும்போதும் பார்க்க ஒரு மருத்துவர், இவை இருந்தால் போதும். கொரோனா ஊரடங்கில் பல நாளுக்கான மாத்திரையை மொத்தமாக வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார்கள். அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது என்றுதான் நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் கேட்கிறேன்.

மனநல_மருத்துவர்:
மாமாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள். மறுவாழ்வு மையத்தில் சில மாதம் இருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து ஒரே ஒரு நாள் பழைய அளவைப் போட்டாலும் மூச்சு நின்றுவிடலாம், வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்து. புப்ரெனார்பின் ஓரளவுக்கு மேல் மூச்சை அடக்காது, ஏக்கத்தையும் உடல்வலியையும் அடக்கும், ஆள் வேலைக்குப் போவார். உலக சுகாதார நிறுவனம் இதை 2005லேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரான்ஸில் 1996 முதல் சாதாரணக் குடும்ப மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள், அடுத்த சில வருஷங்களில் ஓவர்டோஸ் சாவுகள் பெருமளவு குறைந்தன.

இன்னொன்று, வந்த இடத்திலேயே முதல் டோஸைக் கொடுப்பதற்கும் சீட்டு எழுதி வேறு இடத்துக்கு அனுப்புவதற்கும் வித்தியாசம் அதிகம். அமெரிக்காவில் யேல் மருத்துவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் செய்த ஆய்வு 2015ல் வந்தது. அங்கேயே மாத்திரை ஆரம்பித்தவர்களில் 78% பேர் 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள், பரிந்துரை மட்டும் பெற்றவர்களில் 37%. உங்கள் தம்பி விஷயமும் அதேதான்.

கவனம்: கடைசியாக ஊசி போட்டுச் சில மணி நேரத்திலேயே இதை எடுத்தால் வித்ட்ராயல் (போதை நின்றதும் வரும் உடல் அவஸ்தை) ஒரேயடியாகத் தாக்கும். கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சம் எல்லாம் ஆரம்பித்த பிறகுதான் முதல் டோஸ். தூக்க மாத்திரையோ சரக்கோ கூடச் சேர்க்கவே கூடாது.

ஓஎஸ்டியில்_இருப்பவன்:
அக்கா, தம்பியைத் திட்டாதீங்க. காலையில் உடம்பு முறுக்கும்போது ரெண்டு பஸ் மாறிப் போய் ஓபி வரிசையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும். ஆனால் பக்கத்துத் தெருவிலேயே விற்கிற ஆளைக் கூப்பிட்டால் போதை மாத்திரை கையில் கிடைக்கும். எனக்கு வீட்டுக்கு டோஸ் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு வேலையில் நிலைக்க முடிந்தது. நேரம் ஒத்துவரலைன்னு கவுன்சிலரிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்க.

தம்பிக்காக_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. கண்ணன் தம்பி, சேட்டிலைட் மையம் வேண்டும் என்று யாரிடம் கேட்பது?

களப்பணி_கண்ணன்:
சென்டர் மேனேஜர் வழியாகத் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துக்கு எழுதச் சொல்லுங்க. எத்தனை பேர் ஊசி வாங்க வருகிறார்கள், அதில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போய் நின்றுவிட்டார்கள் என்ற கணக்கு அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும், அதையும் இணைக்கணும். உங்களை மாதிரி வீட்டுக்காரங்க நாலு பேர் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அதுவரைக்கும் மதியம் டோஸ் கொடுப்பார்களா என்று மருத்துவமனையில் நானே கேட்டுப் பார்க்கிறேன், எந்த மருத்துவமனை என்று தனிச்செய்தியில் அனுப்புங்க.